உன் கவரோடு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, டொக்டர் மருந்தை மாற்றித் தந்திருக்கிறார். அக்காவின் மூத்தவள் ஜிசிஎஸ்இ சோதனைக்கு விடியவிடியப் படிக்கிறாள். மற்றபடி இங்கே புதினம் ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். பகல் முழுக்க வான் ஓடிவிட்டு வந்து யாரோடும் கதைக்கிற மனநிலை இராது. சரி. ஆனால் மெய்ட்ஸ்டோன் என்ன கனடாவிலா இருக்கிறது? ரெயில் ஏறினால் வந்துவிடலாம். நத்தாருக்கு வந்துபோனவன், அதற்குப் பிறகு வாசல் பக்கம் தலைகாட்டவில்லை.

போன கிழமை உன் பெயருக்கு ஒரு கவர் வந்தது. இன்னும் எங்கள் விலாசத்தைத்தான் கொடுத்து வைத்திருக்கிறாய் போல. நான் அதைத் திறக்கவில்லை. திறக்காமலே அது என்ன கவர் என்று தெரியும். பள்ளிக்கூடக் கிச்சினில் சேர்ந்தபோது எனக்கும் அதே மாதிரி ஒன்று வந்தது. பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்கள் மேல் பழைய குற்றம் ஏதும் உண்டா என்று பார்க்கிற டிபிஎஸ் சோதனை அது. பார்சல் கொடுக்கிற வேலைக்கு அது எதற்கு? எந்த இடம், எத்தனை வயதுப் பிள்ளைகள் என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மேசையில் கவரைக் கண்டார், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரம் பார்த்தால் யூரியூப்பில் உதைபந்தாட்டக் கோச் ரோய் ஹொட்சன் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். செய்தியையும் பழைய பாட்டையும் தவிர வேறொன்றும் பார்க்காத மனுசன். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது, நீ பிள்ளைகளுக்குப் பந்து பழக்கிற கோச் வேலைக்குப் போகப்போகிறாய் என்று அவருக்கும் விளங்கிவிட்டது என்று.

ஹொட்சனைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பாய். உனக்குத் தெரிந்தது அவர் இங்கிலாந்து அணிக்குக் கோச்சாக இருந்ததும், வயதான காலத்தில் இங்கே பக்கத்தில் கிரிஸ்டல் பலஸ் கிளப்பின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் நின்றதும்தானே. அப்பா சொன்ன கதை அதற்கு முந்தியது. 1947இல் குரோய்டனில் பிறந்த பிள்ளை. தகப்பன் பஸ் ஓடினவர். அந்த இடத்தில் அப்பாவின் குரல் கொஞ்சம் மாறியது, நான் கவனித்தேன். கிரிஸ்டல் பலஸின் இளையோர் அணியில் இருந்தார், முதல் அணிக்காக ஒரு ஆட்டம்கூட இறங்கவில்லை. பிறகு எல்லாம் நீ ஓடின சின்னக் கிளப்புகளின் இடங்கள்தான்: ரொன்பிரிஜ், கிரேவ்செண்ட், மெய்ட்ஸ்டோன், ஆஷ்போர்ட், கடைசியில் கார்ஷால்டன். டல்விச்சில் அலைன்ஸ் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். பகலில் பிள்ளைகள், பின்னேரம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். பெரிய ஆட்டக்காரன் என்று அவரை யாரும் சொல்லவில்லை, சொல்வதற்கு இடமும் இருக்கவில்லை. ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போதே கோச்சிங் படித்து முடித்திருந்தார்.

மெய்ட்ஸ்டோனில் அவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி பொப் ஹோட்டன் மனேஜராக இருந்தபோது இவர் கூடநின்று உதவி செய்தார். பிறகு ஹோட்டன் சுவீடனுக்குப் போனார், அந்த வழியால் இவருக்கும் ஹாம்ஸ்டாட் என்ற சின்ன ஊர் அணி கிடைத்தது. முந்தின வருடம் மட்டுமட்டாகத் தப்பின அணி அது. 1976இல் இவர் போனபோது கீழே இறங்கப்போகிற அணி என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அந்த வருடமே சாம்பியன். 1979இல் மறுபடியும். பிறகு சுவிற்சர்லாந்தை 1994 உலகக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனார், 28 வருடத்துக்குப் பிறகு அந்த நாடு அங்கே போனது அப்போதுதான். இத்தாலியில் இன்ரர் மிலான், 2010இல் புல்ஹாமோடு யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், 2012இல் இங்கிலாந்து. முதல் அணிக்கு எடுக்காத அந்தப் பலஸுக்கே 2017இல் மனேஜராக வந்தார். 76 வயதிலும் அங்கே மைதானக் கரையில் நின்றார்.

நடுவில் சறுக்கவும் செய்தார். 1982இல் பிரிஸ்டல் சிற்றியில் காசே இல்லாத கிளப்பைக் கையில் கொடுத்தார்கள், சில மாதத்தில் வேலை போனது. 2016இல் இங்கிலாந்து ஐஸ்லாந்திடம் தோற்றபோது நாடே திட்டியது. நீ அன்று இங்கே சோபாவில் இருந்து திட்டினது எனக்கு நினைவிருக்கிறது.

நீ ஹொட்சன் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆடினது எந்த லீக் என்று பார்த்துத்தான் கோச்சைத் தேடுவார்கள் என்று நீ நினைத்து வெட்கப்பட்டால், அந்த வெட்கம் தேவையில்லை என்று சொல்கிறேன். அவ்வளவுதான். முழங்காலுக்கு இரவில் ஐஸ் வைக்கிறாயா?

உன் ஆட்டத்தை நான் குறைத்து நினைத்ததே கிடையாது. கார்ஷால்டன் மைதானத்தில் மழைக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றது உனக்குத் தெரியும். என் பக்கமாகத்தான் அந்த மூலையில் நீ பந்தைக் காலுக்கடியில் நிறுத்தி இரண்டு பேரைத் திருப்பிவிட்டு உள்ளே கொடுத்தாய். பின்னால் தேத்தண்ணீரோடு நின்ற கிழவர் ஒருவர், யார் இந்தப் பொடியன் என்று கேட்டார். என்ரை மகன் என்று சொன்னேன். எப்ஏ கிண்ணத்தில் நாலாவது தகுதிச் சுற்று வரை போனீர்களே, இன்னும் ஒரு ஆட்டம் வென்றிருந்தால் லீக் கிளப்புகளோடு முதலாம் சுற்று. அந்த ஆட்டத்துப் புத்தகத்தை அப்பா கார்ப் பத்திரங்களோடு பைலில் வைத்திருக்கிறார். வேண்டாம் வேண்டாம், கணக்கியல் படி என்று சொன்ன அதே மனுசன்தான்.

ஆனால் நத்தாருக்கு வந்தபோது நீ படியிறங்கினதை நான் பார்த்தேன். காலை வெள்ளென, எல்லோரும் நித்திரை என்று நினைத்தாய். கைபிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாய். பாதியில் நின்று மூச்சு விட்டாய். கிச்சினுக்குள் வந்தபோது நேராக நடந்தாய், நானும் பாணை வாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காத மாதிரி இருந்தேன். உனக்கு 29 வயது, தம்பி. அதுக்குப் பிறகும் ஜனவரியில் ஆட்டப் பட்டியலில் உன் பெயரை அப்பா கண்டிருக்கிறார். ஊசி போட்டுக்கொண்டா இறங்கினாய்? வலியை ஊசி மறைத்தாலும் முழங்கால் தேய்வது நிற்காது. சித்தாலேப தைலம் இதோடு வைத்திருக்கிறேன், பூசு. ஆனால் அது வைத்தியம் இல்லை, ஸ்கானுக்குப் போ.

29 என்றதும் இன்னொரு கோச், எடி ஹவ், நினைவுக்கு வருகிறார். அவரும் 29 வயதில்தான் நிறுத்தினார், முழங்காலால்தான். போர்ண்மத்தில் நல்ல தடுப்பாட்டக்காரன். 2002இல் போர்ட்ஸ்மத் காசு கொடுத்து வாங்கியது, முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது. அங்கே லீக்கில் இரண்டே இரண்டு ஆட்டம். 2004இல் பழைய கிளப்பின் ரசிகர்கள் தங்கள் கையிலிருந்து 21,000 பவுண்ட் சேர்த்துத்தான் அவரைத் திரும்ப வாங்கினார்கள். பாசத்தால் வாங்கினார்கள், ஆனாலும் முழங்கால் பழைய முழங்கால்தானே. நிறுத்திவிட்டு ரிசேர்வ் அணி, இளையோர் என்று பயிற்சி கொடுத்தார். 2008 கடைசி நாளில் முதல் அணியைத் தற்காலிகமாகக் கையில் கொடுத்தார்கள். வயது 31. அந்தப் பருவத்தைத் தண்டனையாக 17 புள்ளி குறைத்துத் தொடங்கின கிளப், நாலாவது டிவிஷனிலிருந்தே விழப்போகிற நிலை. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. அப்படியும் தப்ப வைத்தார். 2015இல் அதே கிளப்பை பிரிமியர் லீக்குக்கு ஏற்றினார். 2025 மார்ச்சில் வெம்பிளியில் லிவர்பூலை வென்று நியூகாசிலுக்கு லீக் கிண்ணம் எடுத்துக்கொடுத்தார், 1955க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய உள்நாட்டுக் கிண்ணம்.

அவருடைய அம்மா 2012இல் இறந்துபோனார். அப்போது அவர் வடக்கே பேர்ன்லியில் மனேஜர். அந்த வருடமே அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை, பிரஷர் மட்டும்தான்.

நீ கோச் வேலைக்குப் பொருந்துவாயா என்று உனக்குள்ளே ஒரு யோசனை இருந்தால், நத்தாருக்குப் பின்வளவில் அக்காவின் சின்னவனோடு நின்றாயே, அதை நான் ஜன்னலால் பார்த்தேன். அவன் யாரோடும் வாய் திறக்காத பிள்ளை. பந்தை அனுப்புவதற்கு முன்னால் நீ கையை உயர்த்தி விரல்களைக் காட்டினாய், அவன் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும், பிறகுதான் பந்து. முதலில் அவன் பந்தையே பார்த்தான். நீ சத்தம் போடவில்லை. திரும்ப அனுப்பினாய். கொஞ்ச நேரத்தில் அவன் முதலே திரும்பிப் பார்த்து, உடம்பைச் சாய்த்து, தூரக் காலால் பந்தை எடுத்துக்கொண்டு போனான். மூன்று, நாலு என்று கத்துகிறான், அந்தப் பிள்ளை! உள்ளே வந்து எனக்கும் விரல் காட்டச் சொன்னான். இப்போதும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மதிலோடு அடித்து அதைத்தான் செய்கிறான் என்று அக்கா சொல்கிறாள். மாமா எப்போது வருவார் என்று ஒவ்வொரு சனியும் கேட்கிறானாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கிளப்புகள் பிள்ளைகளைப் பழக்கிற அக்கடமி என்றால் ஒரு நாள் இடமில்லை என்று பிள்ளைகளை அனுப்பவும் வேண்டிவரும். உன்னை 18 வயதில் அனுப்பின அந்தப் பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் இருந்தோம். தேத்தண்ணீர் ஆறுவதற்குள் கதை முடிந்துவிட்டது. ஒன்பது வயதிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் கூட்டிக்கொண்டு போன பிள்ளை. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு போன் வரவில்லை. காரில் நீ பின்சீற்றில் போய் இருந்தாய். முன்னால் இருக்கிற பிள்ளை அன்றைக்குப் பின்னால் போய் இருந்தாய். பதினாறில், பதினெட்டில் எல்லோருக்கும் இடம் கிடைக்காது, அது எனக்கு விளங்குகிறது. ஆனால் சொல்கிற வேலை உன் கைக்கு வரும்போது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து சொல். தாய் தகப்பன் கேள்வி கேட்கட்டும், நேரம் கொடு. ஒரு மாதம் கழித்து நீயாகப் போன் எடுத்து, எங்கே விளையாடுகிறாய், சாப்பிடுகிறாயா என்று கேள். எடுக்காவிட்டால் இன்னொரு முறை எடு. அப்படி ஒரு மனுசன் அன்றைக்கு உனக்கு இருந்திருந்தால் நீ இரண்டு வருடம் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்திருக்க மாட்டாய். மற்றக் கோச்சுகளுக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும்.

காசு பெரிதாக வராது என்று தெரியும். மணித்தியாலக் கணக்கில்தான் கொடுப்பார்கள். வானை உடனே விடாதே. கோச்சுகளுக்கான யுஈஎப்ஏ சி லைசன்ஸ் எடுத்துவிட்டாயா? அடுத்தது பி, பிறகு ஏ, எல்லாவற்றுக்கும் காசு கட்ட வேண்டும். என் சீட்டை ஐப்பசியில் எடுக்கலாம், கேட்பதற்குக் கூச்சப்படாதே. அப்பாவிடம் கேட்க வேண்டாம், என்னிடம் கேள். படிக்கிறதை ஆடிக்கொண்டே படிக்கலாம் என்று சொல்லப் போகிறாய். முழங்கால் ஒன்றுதான், தம்பி. பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க ஓட வேண்டும், குனிய வேண்டும். அதுக்குக் கொஞ்சம் மிச்சம் வை.

கோயிலில் எல்லோரும் பார்ன்ஸ்லியில் விளையாடுகிற விமல் யோகநாதனைப் பற்றிக் கதைக்கிறார்கள். 2024இல் அந்தப் பிள்ளை இறங்கியபோது, இந்த நாட்டுத் தொழில்முறை உதைபந்தாட்டத்துக்கு வந்த முதல் தமிழ்ப் பொடியன் என்று பேப்பரில் வந்தது. உங்கட மகன் இப்ப என்ன செய்யிறார் என்று அதோடு என்னையும் கேட்பார்கள். முதலெல்லாம் அந்தக் கேள்விக்கு எனக்கு நெஞ்சு அடைக்கும். இப்போது பதில் வைத்திருக்கிறேன், ஆனால் நீ சொல்லாமல் நான் சொல்லமாட்டேன். நம்முடைய பிள்ளைகளைப் பந்தோடு கூட்டிக்கொண்டு போகிற தாய் தகப்பன்கள் இப்போது எவ்வளவு பேர். கரையில் பயிற்சி கொடுக்கிறவர்களில்தான் நம்முடைய முகம் ஒன்றையும் காணவில்லை. போய் நில். மாமாமார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே.

கவரை இதோடு வைத்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபாலில் போடுகிறேன். சனிக்கிழமைக்குள் வரும், வீட்டில் நில். நீ இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்கள். ஸ்கான் திகதி கிடைத்ததும் எனக்கு அனுப்பு, கட்டைவிரல் வேண்டாம், திகதியை எழுது. வான் ஓடிக்கொண்டு தனியாகப் போகாதே. அன்றைக்கு அப்பா கார் கொண்டு வருவார், நான் கேட்டுவிட்டேன், ஓம் என்றுவிட்டார்.

அன்புடன்,
அம்மா