திடீர்த் தலைசுற்றலும் வாந்தியும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

வெயில் ஏறியதிலிருந்து காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. உதடு வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பொடித்து, கண்ணை இருட்டுகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் வாந்தி வந்துவிடும், அதில் மஞ்சள் தண்ணீரைத் தவிர ஒன்றும் இருக்காது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நாம் பித்தம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பல நேரம் அது வெறும் வயிறுதான்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை அடுத்துச் சாப்பிடுவது மதியச் சத்துணவு என்றால் இடையில் பதினாறு மணி நேரம் ஓடிவிடுகிறது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில்தான் கொடுத்தாக வேண்டும். சமைக்க நேரமில்லை என்றால் பழைய சோறும் மோரும் போதும், அதுவும் இல்லையா, இரண்டு வாழைப்பழமாவது கொடுத்து அனுப்புங்கள். வெறும் டீ சாப்பாடு ஆகாது. அப்புறம் தண்ணீர். கழிப்பறைக்குப் போகத் தயங்கியே பல பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு, மாலையில் பாட்டில் காலியாகி வந்திருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. அடிக்கடி தலைசுற்றுகிற பெண் பிள்ளைக்கு, மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறது என்றால் இன்னும் அவசியமாக, ரத்தசோகை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கெட்டுப்போன சாப்பாடு, வயிற்றுக் கிருமி, பஸ் பயணம், ஒற்றைத் தலைவலி, காதுக் கோளாறு ஆகியவற்றாலும் இப்படி வரும்.

வீட்டில் வந்தால் முதலில் காற்றோட்டமான இடத்தில் படுக்க வையுங்கள். வாந்தி வருகிறபோது மல்லாந்து படுக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். வாந்தி எடுத்த உடனே சொம்புத் தண்ணீரைக் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். பத்து நிமிடம் பொறுத்து, ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் உப்பு அளவு தப்பிவிடும். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி கொஞ்சம் நின்றதும் கஞ்சி, இட்லி கொடுக்கலாம். சோடா வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நேரமும் உண்டு. தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி, வாந்தியில் ரத்தமோ பச்சை நிறமோ, விடாத வயிற்றுவலி, கூப்பிட்டால் கண் திறக்காத மயக்கம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பூச்சிமருந்து பட்டிருக்கலாம் அல்லது ஏதோ கடித்திருக்கலாம் என்ற சந்தேகம், இதில் எது இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சில நாட்களாக அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் இளைப்பு இருந்து இப்போது வாந்தியும் வந்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் வரும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு எது இருந்தாலும் வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள், வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வோம். போன் நம்பர் மாற்றியிருந்தால் இந்த வாரமே புது நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்