எந்த ஊர் என்று கேட்க மாட்டேன்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதையே மனசு சுற்றிச் சுற்றி வருகிறது. மாவட்டப் போலீஸ் வேலையை விட்டு உளவுத்துறைக்கு டெபுடேஷனில் போகிறாய். "இனிமே எங்க இருக்கேன்னு கேக்காதம்மா" என்றாய். சரி, கேட்கவில்லை. போனை வைத்ததும் மாவடு ஜாடியைத் திறந்து ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் போய்ப் படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பி. ராமன் என்பவர் எழுதியதை நான் தேடித்தேடிப் படிப்பேன், ஞாபகம் இருக்கிறதா? நம் சென்னைக்காரர். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டுப் போலீஸுக்கு வந்தவர். 1961 ஐ.பி.எஸ்., மத்தியப் பிரதேச கேடர். 1968 செப்டம்பரில் ஆர்.என். காவ் வெளிநாட்டு உளவு வேலைக்கென்று 'ரா' அமைப்பைத் தொடங்கியபோது, உளவுத்துறையிலிருந்து அங்கே போனவர்களில் இவரும் ஒருவர். அந்தக் காவ் ஒரு போட்டோவில்கூட அதிகம் அகப்படாத மனிதர். ராமன் கடைசி ஆறு வருஷம் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்து, 1994 ஆகஸ்டில் ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னைக்குத் திரும்பி வந்து, புற்றுநோய் வந்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்து, 2013 ஜூனில் போய்ச் சேர்ந்தார்.

அவர் எழுதியதில் ஒன்று மட்டும் அவர் உயிரோடு இருந்தவரை வெளிவரவில்லை. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1993 மார்ச் 12 மும்பை குண்டுவெடிப்பில் 257 பேர் செத்தார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவனான யாகூப் மேமன் 1994 ஜூலையில் பிடிபட்டபோது, ராமன் ஓய்வு பெறச் சில வாரங்களே இருந்தன. காத்மாண்டுவில் அவனைப் பிடித்த வேலையை ஒருங்கிணைத்தவர் இவர்தான். 2007இல் பயங்கரவாத வழக்குகளுக்கான தடா நீதிமன்றம் தூக்கு என்று தீர்ப்புச் சொன்னதும் உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அவன் குற்றவாளி என்பதில் துளியும் சந்தேகமில்லை என்றுதான் அதிலும் எழுதியிருந்தார். ஆனால் பிடிபட்ட பிறகு விசாரணைக்கு ஒத்துழைத்தான், குடும்பத்தில் சிலர் பாகிஸ்தானிலிருந்து வந்து சரணடைய உதவினான். அதையெல்லாம் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை, அவனைத் தூக்கில் போடக்கூடாது என்பது அவர் வாதம். இதை எழுதினால் வழக்கே கலைந்துவிடுமோ, எழுதாவிட்டால் நான் கோழையோ என்று அந்தக் கட்டுரையிலேயே தன்னைக் கேட்டுக்கொள்கிறார். அப்புறம் வெளியிட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அவர் அண்ணன் சம்மதித்து அது வெளியானது 2015 ஜூலையில். அந்த மாதம் 30ஆம் தேதி யாகூபை நாக்பூரில் தூக்கிலிட்டுவிட்டார்கள்.

செத்துப்போன 257 பேர் வீட்டுக்கு என்ன பதில் என்று நீ கேட்பாய். நியாயம்தான். அவனை விட்டுவிடச் சொல்லி ராமனும் எழுதவில்லை. ஆனால் பாப்பா, அவனைப் பிடித்தவருக்குத் தெரிந்த விஷயம், தண்டனை கொடுத்தவர் காதுக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. வழக்கு நடத்தியது சி.பி.ஐ.; உளவு அதிகாரி கூண்டேறிச் சாட்சி சொல்கிற வழக்கம் கிடையாது. உங்கள் வேலையின் அமைப்பே அப்படி. ராமன்மேல் எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. இருந்தாலும் அவர் அதை 2007லேயே வெளியிட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எட்டு வருஷம் ஒரு மனுஷன் கழுத்துக்கு மேல் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

உன் முன்னால் உட்காருகிற ஆள் எவ்வளவு பெரிய பாவம் செய்தவனாக இருந்தாலும், அவனுக்குச் சாதகமாக உனக்கு ஒன்று தெரிந்தால் அன்றைக்கே கோப்பில் எழுதிவிடு. மேலே இருப்பவர் முகம் சுளித்தாலும் எழுது. அதை வைத்து என்ன செய்வது என்பது அவர்கள் பாடு. அது உன் நெஞ்சுக்குள் கிடந்து வேகக்கூடாது.

பக்கத்து வீட்டு மாமி நேற்றே கேட்டுவிட்டாள். டெல்லிப் பக்கம் ஏதோ ஆபீஸ் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். கூடத்தில் மாட்டியிருக்கிற உன் பாஸிங் அவுட் பரேடு படம் இருக்கட்டுமா, எடுத்து உள்ளே வைக்கட்டுமா? அப்பாவுக்கு எடுக்க மனசில்லை. தினமும் காலையில் துண்டால் துடைத்துவிட்டுத்தான் பேப்பர் எடுக்கிறார்.

மாவடு ஊறி, தோல் சுருங்கத் தொடங்கிவிட்டது. பார்சல் அனுப்ப விலாசம் தரலாமென்றால் தா. இல்லையென்றால் நீ வரும்வரை ஜாடியிலேயே இருக்கட்டும். ரெண்டு நாளைக்கு ஒருமுறை குலுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா