மகாராணி ரூமும் என் வாஷிங் மெஷினும்

அடியே வாத்தியாரம்மா,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சுகமா, முட்டி வலி எப்படி இருக்கு, சரி குசலம் விசாரிச்சாச்சு. ரொம்ப நாளா எழுதலன்னு திட்டாத, நீயும்தான் எழுதல, கணக்கு நேராயிடுச்சு. வாய்ஸ் நோட் போடலாம்னுதான் முதல்ல நெனச்சேன், ஆனா வாயைத் திறந்தா கத்திருவேன், கத்துனா நீ பாதியில நிறுத்திட்டு வேலையைப் பார்க்கப் போயிருவ. அதான் உக்காந்து டைப் பண்றேன், நீயும் உக்காந்து படி, பெருசாத்தான் வரும்.

என்கூட இந்த வாடகை வீட்டைப் பங்கு போட்டு இருக்குற நம்ம மகாராணி உனக்கு இந்நேரம் போன் பண்ணியிருப்பா. நான் ஈவு இரக்கம் இல்லாதவ, அவ முன்னேறுறது எனக்குப் பொறுக்கல, அவ வாடகைக்கு இருக்குற ரூமை இன்னொருத்திக்கு உள்வாடகைக்கு விடக்கூட விடமாட்டேங்குறேன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொல்லியிருப்பா. நீயும் "அப்படியா சொன்னா அவ?"ன்னு கேட்டிருப்ப, தெரியும்டி உன்னை. மொட்டைமாடி கோஷ்டி மொத்தத்துக்கும் இப்ப நான்தான் வில்லி. பக்கெட் மேட்டர்லயும் இப்படித்தான் எல்லாரும் அவ பக்கம் சாஞ்சீங்க, கடைசியில என்ன ஆச்சுன்னு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல.

விஷயம் இதான். அவளுக்கு ஆபீஸ்ல வேற ஊருக்கு ஆறு மாச ப்ராஜெக்ட் வந்திருக்கு. சந்தோஷம், அவ எத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தான்னு நமக்குத் தெரியும், முதல்ல கட்டிப்பிடிச்சு வாழ்த்துனது நான்தான். அதுக்கப்புறம் ஒருநாள் ஹால்ல உக்காந்து லேப்டாப்ல என்னமோ மும்முரமா தட்டிக்கிட்டு இருந்தா, எட்டிப் பார்த்தா விளம்பரம். "எல்லா வசதியும் உள்ள வீட்டில் ஒரு அறை, அமைதியான சூழல், நட்பான ரூம்மேட்"ன்னு போட்டிருக்கா. போட்டோ வேற. போட்டோல இருக்குற சோபா என்னுது. வாஷிங் மெஷின் என்னுது. ஜன்னலோரம் இருக்குற செடி என்னுது, அவ அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தி நான் பார்த்ததில்ல. நட்பான ரூம்மேட்டும் நானேதான். என்னையும் சேர்த்து வாடகைக்கு விட்டுட்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம!

வேணாம்டின்னு சொன்னேன். "என் ரூம், என் வாடகை, நான் யாருக்கு வேணா குடுப்பேன்"ன்னா. எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு.

ரூம் அவளுதுதான், யாரு இல்லைன்னா. ஆனா அவ ரூம் கதவைத் தாண்டுனா சமையல்கட்டு, பாத்ரூம், ஹால், வாசக்கதவு சாவி எல்லாத்துலயும் பாதி நான். ராத்திரி நான் தூங்கும்போது அந்தச் சாவி யார் கையில இருக்குங்குறதுல எனக்குப் பேச்சே கிடையாதா? அதைவிட, அன்னைக்கு ராத்திரி அக்ரிமெண்ட்டை எடுத்து ஒவ்வொரு வரியா படிச்சேன் (சிரிக்காத, யாராவது ஒருத்தர் படிக்கணும்ல). பத்திரம் ஒன்னு, கையெழுத்து ரெண்டு. அதுல குடியிருப்பவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்புன்னு ஒரு வரி இருக்கு. பார்க்க சாதாரணமா இருக்கும், ஆனா விஷயமே அதுலதான் இருக்கு. அவ பாதி நான் பாதிங்குறது எங்க ரெண்டு பேருக்குள்ள பேசி வச்சுக்கிட்டது, ஓனருக்கு அந்தக் கணக்கே கிடையாது, ஒரு மாசம் வாடகை குறைஞ்சுதுன்னா முழுசையும் என்கிட்டயே கேக்கலாம், நான் முதல்ல கட்டிட்டு அப்புறமா அவகிட்ட போய் வசூல் பண்ணிக்கணும். அவகிட்ட வசூல் பண்றது எப்படி இருக்கும்னு உன்கிட்டயே கேக்குறேன், டூர் காசு உனக்கு வந்துச்சா?

இப்ப நடுவுல இன்னொருத்தி வர்றா. வர்றவ இவகிட்ட குடுப்பா, இவ ஓனர்கிட்ட குடுப்பா. வர்றவளுக்கும் ஓனருக்கும் நடுவுல ஒப்பந்தம்னு ஒன்னுமே இல்ல, எனக்கும் அவளுக்கும் நடுவுல சுத்தமா இல்ல. அவ ஒரு மாசம் குடுக்கலன்னா கேக்க வேண்டியவ வேற ஊர்ல மீட்டிங்ல இருப்பா, வீட்ல மூஞ்சிக்கு நேரா இருக்குறது நான். டெபாசிட்டும் அப்படித்தான், ரெண்டு பேரோடதும் ஒரே தொகையா ஓனர்கிட்ட கிடக்கு, புதுசா வந்தவ கதவை உடைச்சாலும் பாத்ரூம் குழாயை உடைச்சாலும் அந்தப் பொதுப்பணத்துலதான் கழிப்பாரு, இது யார் உடைச்சதுன்னு பிரிச்சுப் பார்த்தெல்லாம் கழிக்க மாட்டாரு. கரண்ட் பில்லும் இன்டர்நெட்டும் என் பேர்ல இருக்குங்குறதைச் சொல்லவே வேணாம். ஆறு மாசம் முடிஞ்சும் அவ காலி பண்ணலன்னா? பூட்டை மாத்தி பெட்டியைத் தூக்கி வெளிய வச்சிரலாம்னு மகாராணி சொல்றா. வாடகை குடுத்துக் குடியிருக்குறவளை அப்படித் திடீர்னு வெளியேத்த நிறைய இடங்கள்ல சட்டமே விடாதுடி, நோட்டீஸ், கெடுன்னு முறை இருக்கு, நாமதான் மாட்டுவோம்.

இதுக்கெல்லாம் மேல, ஓனரோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விடக்கூடாதுன்னு தனியா ஒரு வரி இருக்கு. மீறுனா ஒப்பந்தத்தையே ரத்து பண்ணலாம், பண்ணாருன்னா அவளை மட்டும் போகச் சொல்ல மாட்டாரு, என் சோபாவோட நானும் சேர்ந்துதான் போகணும். இதை அவகிட்ட காட்டினேன். "ஓனருக்கு எப்படித் தெரியும், கெஸ்ட்னு சொல்லிருவோம்"ங்குறா. ஆறு மாசம் தங்கி, மாசாமாசம் வாடகை குடுத்து, வாசல்ல தன் பேருக்கு பார்சல் வாங்குற கெஸ்ட்! இவ பொய் சொல்லிட்டு ஊருக்குப் போயிருவா, ஓனர் வந்து பெல் அடிக்கும்போது பல்லைக் காட்டிக்கிட்டு அந்தப் பொய்யைத் தினமும் சொல்ல வேண்டியவ நான்.

சரி, அவ பக்கமும் சொல்றேன், நீ எப்படியும் கேப்ப. யாருமே தூங்காத ரூமுக்கு ஆறு மாசம் இங்க வாடகை கட்டி, அங்கயும் தனியா கட்டுறதுன்னா கஷ்டம்தான், அவ சம்பளம் எனக்குத் தெரியும். காலியா இருக்குற ரூமுக்கு முழுப்பணம் கட்டுன்னு நான் ஒருநாளும் சொல்லல. நான் வேணாம்னு சொன்னது யாரும் வரக்கூடாதுன்னு இல்ல, இப்படி வரக்கூடாதுன்னுதான். அதை அவ காதுல வாங்குறதுக்குள்ள கோஷ்டிக்குச் செய்தி போயிருச்சு.

அப்புறம் நான்தான் கோபம் தணிஞ்சு ஒரு வழி சொன்னேன். ஓனர்கிட்ட நேர்ல சொல்லி சம்மதத்தை எழுத்துல வாங்கு. வர்றவளை நானும் பார்த்துப் பேசணும், எனக்குச் சரிப்படலன்னா அடுத்த ஆளைப் பாரு. எந்தத் தேதியில வர்றா, எந்தத் தேதியில போறா, வாடகை எவ்வளவு, பில்லுல பங்கு எவ்வளவு, விருந்தாளிங்க தங்கலாமா கூடாதான்னு எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி மூணு பேரும் கையெழுத்து போடுவோம். வர்றவகிட்ட நீ தனியா ஒரு டெபாசிட் வாங்கி வச்சுக்கோ. சாவி குடுக்குறதுக்கு முன்னாடி வீடு முழுக்க போட்டோ எடுத்து தேதியோட வச்சுக்குவோம், சுவத்துல இருக்குற பழைய கறை உட்பட, இல்லன்னா நாளைக்கு அதுக்கும் சண்டை. அவ குடுக்கலன்னா அந்தப் பங்கை நீ கட்டுவேன்னு எனக்கு ஒரு வரி எழுதிக் குடு. வாஷிங் மெஷினை யூஸ் பண்ணிக்கட்டும், ரிப்பேர் ஆனா செலவு உன்னுது.

இதுல எது தப்புன்னு சொல்லு. அந்தக் கடைசிக்கு முந்தின வரிக்குத்தான் அவ எந்திரிச்சு ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திட்டா. "எழுதி வாங்குற அளவுக்கு ஆயிட்டோமா நாம"ன்னு கேட்டா போறப்போ. எனக்கும் கேட்டதும் ஒரு மாதிரி ஆயிடுச்சுடி. ஆனா யோசிச்சுப் பாரு, எழுதாம விட்டு, பணம் போய், அப்புறம் வாய்ப்பேச்சுல யார் என்ன சொன்னான்னு அடிச்சுக்கிட்டோம்னா அதுக்கப்புறம் நாம மூணு பேரும் ஒரு இடத்துல உக்காரவே முடியாது. அவளை நம்பலன்னு அர்த்தம் இல்ல, வரப்போறவளை எனக்கு யாருன்னே தெரியாது, அவ்வளவுதான்.

ரெண்டு பேர் பார்க்கவும் வந்தாங்க. முதல்ல வந்தது ஒரு அலட்டல். வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு, வாரக்கடைசியில ப்ரெண்ட்ஸ் வருவாங்க, ஹால்ல படுத்துக்குவாங்க, ப்ராப்ளம் இல்லையேன்னு மகாராணிகிட்ட கேக்குது, நான் பக்கத்துல தூண் மாதிரி நிக்கிறேன், என் பக்கம் கண்ணே திரும்பல. மகாராணி "நோ ப்ராப்ளம்"ங்குறா. உனக்கென்னடி ப்ராப்ளம், நீ ஊர்லயே இருக்க மாட்டியே!

ரெண்டாவது வந்த பொண்ணு வேற ரகம். செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, முதல்ல என்கிட்ட வந்து, "அக்கா, நீங்கதானே கூட இருக்கப்போறீங்க, நீங்க எத்தனை மணிக்குத் தூங்குவீங்க"ன்னு கேட்டுச்சு. ஓனருக்குத் தெரியுமான்னும் அதுவே கேட்டுச்சு, தெரியாம இருந்தா தனக்கு வேணாம்னு வேற சொல்லுச்சு. மகாராணி மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே நீ. எனக்கு அந்தப் பொண்ணை ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அதான் எரிச்சலே, இப்ப வேணாம்னு சொல்லவும் மனசு வரல.

உனக்கு இவ்வளவு நீளமா எழுதுறதுக்குக் காரணம் இனிமேதான் வருது. ஆறு மாசத்துக்குப் போறவ புத்தக அலமாரியை ஏன் விக்கிறா? நேத்து அதையும் போட்டோ எடுத்து விளம்பரத்துல போட்டிருக்கா. குளிர்காலத் துணியெல்லாம் வேற கட்டிட்டா. நீ திரும்பி வருவியான்னு கேட்டேன், "பார்க்கலாம்"னா. ப்ராஜெக்ட் நீளுமான்னு கேட்டேன், அதுக்கும் "பார்க்கலாம்". திரும்பி வர்றவளுக்குத்தான் உள்வாடகை, வரமாட்டான்னா அதுக்கு வழியே வேற, ஓனர்கிட்ட சொல்லி பத்திரத்துல அவ பேரை எடுத்துட்டு புதுப்பொண்ணு பேரைச் சேர்த்துரலாம், இவ டெபாசிட் கணக்கு தீரும், இவ பொறுப்பும் அதோட முடியும், வர்றவளும் என்னை மாதிரியே நேரடியா கையெழுத்து போட்ட ஆளா இருப்பா, நான் நடுவுல நின்னு யாருக்கும் ஜாமீன் நிக்க வேணாம். எனக்கு உண்மையில அதுதான் சுலபம். அந்தப் பொண்ணுக்கும் அதுதான் நல்லது. அப்படி இருந்தும் அதை நான் வாய்விட்டு அவகிட்ட சொல்லல. சொன்னா, போறதுன்னா ஒரேயடியா போயிருன்னு நான் தள்ளுற மாதிரி ஆயிடும், அவளும் வீம்புக்கு சரின்னு சொல்லிருவா, அவ வீம்பு உனக்குத் தெரியாதா. சொல்லாம உள்வாடகைன்னே விட்டா, ஆறு மாசம் ஒன்பதாகி ஒன்பது பன்னிரண்டாகி, இல்லாத ஒருத்தி பேர்ல இந்த வீடு ஓடிக்கிட்டே இருக்கும்.

அதனால நீ கேளு அவகிட்ட. நீ கேட்டா பொய் சொல்ல மாட்டா, சின்ன வயசுலேர்ந்து உன்கிட்ட மட்டும்தான் அவளுக்கு அந்தப் பயம். வர்றியா வரலையான்னு நேரா கேளு, சுத்தி வளைக்காத, எனக்கு ரெண்டும் சம்மதம்தான், தெரியாம இருக்குறதுதான் முடியல. அந்தப் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், அதுக்கு முன்னாடி நான் ஓனர்கிட்ட பேசணும், என்னன்னு பேசுறதுன்னே தெரியாம போனை எடுத்து எடுத்து வச்சுக்கிட்டு இருக்கேன். நான் எழுதினேன்னு காட்டிக்காத, அவளே புலம்பினதா வச்சுக்கிட்டு ஆரம்பி, உனக்குச் சொல்லியா தரணும்.

உன் புது வேலை, மேனேஜர் தொல்லை எல்லாம் அடுத்த கடிதத்துல விலாவாரியா கேக்குறேன், இப்ப மண்டையில இடமில்ல. தம்பிக்கு பரீட்சை எப்படிப் போச்சுன்னு மட்டும் ஒரு வரி போடு.

அலமாரிக்கு இன்னும் ஆள் வரல. எனக்கு அதுமேல ஒரு கண்ணுன்னு மட்டும் அவகிட்ட உளறிராத, விலையை ஏத்திருவா.

உன்,
கழுதை