செயலாளரின் ஆண்டறிக்கை: காட்டுப் பறவைகளில் பறவைக் காய்ச்சல் கண்காணிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, களப்பணித் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்ட நடவடிக்கைகளும் வருகைப் பட்டியலும் பின்னிணைப்பில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை கண்காணிப்புப் பணியைப் பற்றி மட்டும் பேசுகிறது. பதிவேடுகளைச் சரிபார்த்ததில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒரே குறைதான். செத்த பறவையை எண்ணி எழுதுகிறோம். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தேடி அந்த எண் கிடைத்தது என்று எழுதுவதில்லை. சடலம் தேடிப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய நடைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதே இல்லை.

இது ஏன் பெரிய குறை என்பதற்கு உலக நிலவரத்திலேயே சான்று இருக்கிறது. இன்று சுற்றிவரும் எச்5 வகைப் பறவைக் காய்ச்சல் வைரஸ்களின் மூதாதை 1996-இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் பண்ணைப் பெருவாத்தில் (goose) கண்டறியப்பட்டது. 2005-இல் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோதுதான் காட்டுப் பறவைகள் கூட்டமாகச் சாகும் நோய் இது என்பது உறைத்தது. அதே இனம் 2020 டிசம்பர் கடைசியிலிருந்து இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் ஆயிரக்கணக்கில் செத்தது. இந்த வைரஸின் 2.3.4.4பி என்ற கிளை 2021 இறுதியில் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தது. அடுத்த ஆண்டு இறுதிக்குள் தென் அமெரிக்காவில் கூழைக்கடாக்கள் கரையெங்கும் செத்துக் கிடந்தன. 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவின் பறவைத் தீவில் பழுப்பு ஸ்குவா என்ற கடற்பறவைகளிடமும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்திலும் அது உறுதியானது.

இத்தனை இடங்களிலும் எவ்வளவு பறவைகள் செத்தன என்பதற்கு நம்பகமான விடை ஒரு சில இடங்களுக்குத்தான் கிடைக்கிறது. பிரிட்டனில் பெரிய ஸ்குவாக்கள் 76 விழுக்காடும் கேனெட் கடற்பறவைகள் 25 விழுக்காடும் குறைந்ததாகச் சொல்ல முடிந்தது. நோய்க்கு முந்தைய கூட்டக் கணக்கெடுப்பு கையில் இருந்தது, 2023-இல் அதே முறையில் மறுபடி எண்ணினார்கள், அவ்வளவுதான். சடலங்களை மட்டும் எண்ணியிருந்தால் கடலில் விழுந்து மூழ்கியவை கணக்கிலேயே வந்திருக்காது.

ஆகவே நடைகளைப் பற்றி. பாதை மாறக்கூடாது, இடைவெளி மாறக்கூடாது. ஒவ்வொரு நடைக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடந்த தூரம், இருபுறமும் எத்தனை மீட்டர் வரை பார்த்தோம், எத்தனை பேர் என்ற ஐந்தையும் எழுதினால்தான் அது பதிவு. சடலம் இல்லையென்றால் '0' என்று எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் போய்ப் பார்த்து ஒன்றுமில்லையா, போகவே இல்லையா என்பது ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்குத் தெரியாது. எடுத்துச் செல்லாமல் விட்ட சடலத்தின் இறக்கையில் தெளிப்பு வண்ணத்தால் கோடு போடுவது கட்டாயம். போடாவிட்டால் அடுத்த நடையில் அதே பறவை இன்னொரு முறை சாகும். கோடு போட்ட சடலங்களில் எத்தனை அடுத்த நடைவரை மிஞ்சின என்பதும் ஒரு தரவு. நரியும் நாயும் பருந்தும் தூக்கிப் போவது எவ்வளவு என்பதை அதிலிருந்துதான் கணிக்க முடியும். சிறிய கிளுவை ஓர் இரவில் காணாமல் போகும், அன்னம் நாள்கணக்கில் கிடக்கும். இதைக் கருதாமல் எண்ணினால் பெரிய பறவைகள்தான் அதிகம் செத்தன என்ற பொய்யான முடிவு வரும்.

உயிரோடிருக்கும் நோயுற்ற பறவையைப் பற்றிய குறிப்புகளிலும் திருத்தம் தேவை. 'சோர்வாக இருந்தது' என்று எழுதினால் எதற்கும் பயன்படாது. பறவைக் காய்ச்சல் மூளையைத் தாக்கும்போது கழுத்து முறுக்கி, தலை பின்னால் வளைந்து நடுங்கும். நீரில் இருந்தால் ஒரே திசையில் வட்டமடிக்கும், விழிவெண்படலம் மங்கியிருக்கலாம். பாக்டீரியா உண்டாக்கும் பொட்டுலிச நச்சு அப்படியல்ல. கால், இறக்கை, கழுத்து என்ற வரிசையில் தசை தளர்ந்துகொண்டே போகும். பறவை விழிப்போடு இருக்கும், தலையைத் தூக்க முடியாமல் நீரிலேயே முகம் அமிழ்ந்து சாகும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 18,000-க்கு மேற்பட்ட பறவைகள் செத்தபோது பலருக்கும் முதலில் தோன்றியது பறவைக் காய்ச்சல்தான். ஆய்வகம் உறுதி செய்ததோ பொட்டுலிசம். பூச்சிக்கொல்லி, ஈய நச்சு, புறாக்களில் ராணிக்கெட் நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரே நாளில் ஒரே இடத்தில் பல இனங்கள், அலகில் தானியத்தோடு விழுந்து கிடந்தால் நஞ்சு என்ற சந்தேகத்தை முதலில் எழுத வேண்டும். காணொளி பத்து விநாடி இருந்தாலும் பத்து வரிக் குறிப்பைவிட மேல்.

எந்த இனம் சாகிறது என்பதோடு எது சாகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மல்லார்டு, கிளுவை போன்ற மேல்நீர் வாத்துகள் வைரஸைச் சுமந்தபடியே பெரும்பாலும் நலமாக மேயும். அன்னங்கள், கூழைக்கடாக்கள், இந்தச் சடலங்களைத் தின்னும் இரைக்கொல்லிப் பறவைகள் ஆகியவை விழும். ஆகவே ஏரியில் சடலமே இல்லை என்பதால் வைரஸ் இல்லை என்று ஆகிவிடாது.

மாதிரி எடுப்பது அனுமதியும் பயிற்சியும் உள்ள குழுவின் வேலை. மற்ற உறுப்பினர்கள் தொடாமல், படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கால்நடை மருத்துவத் துறைக்குத் தகவல் தருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழுவினருக்காகச் சில விவரங்களை விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் வீணாகும் மாதிரிகள் பெரும்பாலும் ஏரிக்கரைக்கும் ஆய்வகத்துக்கும் இடையில்தான் வீணாகின்றன.

மாதிரியைத் துடைத்தெடுக்கும் குச்சி பிளாஸ்டிக் தண்டும் பாலியெஸ்டர் அல்லது நைலான் முனையும் கொண்டதாக இருக்க வேண்டும். மரத்தண்டிலும் கால்சியம் ஆல்ஜினேட் முனையிலும் உள்ள பொருள்கள் வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் வினையைத் தடுக்கும். ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு குச்சிகள், ஒன்று தொண்டைக்கு, ஒன்று கழிவாய்க்கு. தொண்டையில் அண்ணப் பிளவையும் மூச்சுக்குழல் வாயையும் சுற்றித் துடைக்க வேண்டும். கழிவாயில் முனை முழுவதும் உள்ளே போய் இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஒட்டிய எச்சக் கட்டியை உதறிவிடுங்கள், அது அதிகமானால் பரிசோதனையே தடைபடும். முன்பெல்லாம் வாத்துகளில் கழிவாய் மாதிரி ஒன்றே போதும் என்பார்கள், குறைவீரிய வைரஸ்கள் குடலில் பெருகுவதால். இப்போதைய எச்5 வைரஸ் தொண்டை வழியாகவே அதிகம் வெளியேறுவதால் அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். மூளை அறிகுறியோடு செத்த பறவையில் இரண்டு குச்சிகளிலும் ஒன்றும் தெரியாமல் மூளைத் திசுவில் மட்டும் வைரஸ் இருக்கக்கூடும். முழுச் சடலத்தை அனுப்பச் சொல்வது இதனால்தான்.

குச்சியை இட்டு அனுப்பும் திரவமான வைரஸ் கடத்து ஊடகம் இளஞ்சிவப்பாகத் தெளிந்திருக்க வேண்டும். மஞ்சளாகவோ கலங்கியோ இருந்தால் கிருமி புகுந்துவிட்டது, அந்தக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள். எடுத்ததும் 4 பாகை செல்சியஸில் வைத்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்தால் நேராக மைனஸ் 80-க்குப் போக வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. தானாகப் பனி நீக்கும் பெட்டிகள் இடையிடையே சூடேறி இறங்குவதால் மாதிரி உருகி உறைந்து கெடும். உலர்பனியில் அனுப்பினால் பெட்டி காற்றுப் புகாதபடி மூடியிருக்கக்கூடாது, வாயு அடைத்து வெடிக்கும். குழாய் மூடி தளர்ந்திருந்தால் அந்தக் கரியமில வாயு உள்ளே புகுந்து ஊடகத்தைப் புளிக்க வைத்து வைரஸைக் கொல்லும்.

சடலத்தை இரட்டைப் பையில் இடுவதற்கு முன் அலகையும் நகத்தையும் காகிதத்தால் சுற்றுங்கள், பை கிழிவது அங்கேதான். அடையாளச் சீட்டை நீர் புகாத தாளில் பென்சிலால் எழுதி இரண்டு பைகளுக்கும் நடுவில் வையுங்கள். பேனா மை ஆல்கஹால் தெளித்ததும் ஓடிவிடும். மாதிரிக்கு உள்கலம், உறிஞ்சு பொருளோடு கசியாத இரண்டாம் கலம், உறுதியான வெளிப்பெட்டி என்ற மூன்றடுக்கும், வெளியே உயிரியல் மாதிரி என்று காட்டும் யுஎன் 3373 குறியும் வேண்டும்.

பாதுகாப்பு உடையைக் களையும்போதுதான் ஆபத்து. வெளிக் கையுறை, மேலுடை, கண்ணாடி, கடைசியில் முகக்கவசம், பிறகு கைகழுவல் என்பது வரிசை. முகக்கவசம் என்95 தரத்துக்குக் குறையக்கூடாது. காலணியில் சேறு ஒட்டியிருக்கும்போது ப்ளீச்சிங் கரைசலை ஊற்றுவது கண்துடைப்பு. சேற்றிலுள்ள கரிமப் பொருளே குளோரினைத் தின்றுவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிருமிநாசினி. தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 10 நாள் காய்ச்சல், இருமல், கண் சிவத்தல் மூன்றையும் கவனிக்க வேண்டும். கோழி, வாத்து வளர்ப்போர் இந்தக் குழுவில் சேரவேண்டாம் என்ற பழைய முடிவு தொடர்கிறது.

அடுத்து, உறுப்பினர்கள் அதிகம் கேட்கும் கேள்வி: 'முப்பது பறவையில் எடுத்தோம், எல்லாம் நெகட்டிவ். அப்படியென்றால் ஏரி சுத்தம்தானே?' இல்லை. எத்தனை மாதிரி எடுத்தாலும் ஒன்றிலும் வைரஸ் இல்லையென்றால், 3-ஐ மாதிரி எண்ணிக்கையால் வகுங்கள். 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடிய உச்ச வரம்பு அதுதான். 30 மாதிரிக்கு 10 விழுக்காடு. அதாவது பத்தில் ஒரு பறவைக்குத் தொற்று இருந்தும் நம் கையில் சிக்காமல் போயிருக்கலாம். 5 விழுக்காட்டுத் தொற்றைத் தவறவிடாமல் பிடிக்க ஏறத்தாழ 60, 1 விழுக்காட்டுக்கு 300 வேண்டும். இதுவும் பறவைகள் பாரபட்சமின்றி எடுக்கப்பட்டிருந்தால்தான். வலையில் எளிதாகச் சிக்கும் ஒரே கூட்டத்திலிருந்து 60 எடுப்பது ஏரியைப் பற்றிச் சொல்லாது. எச்சம் சேகரிப்பவர்கள் ஈரமாக உள்ளதை மட்டும், ஒன்றுக்கொன்று சில மீட்டர் தள்ளி எடுக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால் ஒரே பறவையை இரண்டாக எண்ணுவோம். கலப்புக் கூட்டத்தில் எடுத்த எச்சத்துக்கு இனப்பெயர் எழுதாதீர்கள், மரபணுப் பட்டைக்குறி பார்த்து ஆய்வகம் எழுதட்டும்.

ஆய்வகம் முதலில் எல்லா ஏ வகை இன்ஃப்ளூயன்சாவுக்கும் பொதுவான மேட்ரிக்ஸ் மரபணுவைத் தேடுகிறது, பிறகு எச்5, எச்7. 'ஏ வகை இருக்கிறது' என்ற முதல் முடிவு வந்ததுமே பறவைக் காய்ச்சல் என்று பரப்புவது தவறு. நலமான வாத்துகளில் குறைவீரிய வைரஸ்கள் எப்போதும் இருப்பவை. வைரஸின் மேற்பரப்பிலுள்ள எச்ஏ புரதம் வெட்டுப்படும் இடத்தில் காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் வரிசையாக இருந்தால்தான் அதிவீரியம். அப்போது உடலின் எல்லா உறுப்புகளிலும் வைரஸ் பெருக முடியும். சிடி மதிப்பு, அதாவது வைரஸ் தென்படப் பிசிஆருக்குத் தேவைப்பட்ட சுற்றுகளின் எண்ணிக்கை, ஏறத்தாழ 3.3 கூடினால் வைரஸ் அளவு பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 18-உம் 36-உம் ஒரே 'பாசிட்டிவ்' அல்ல.

மரபணு வரிசை வந்த பிறகு நம் களக்குறிப்புதான் அதற்கு உயிர். 2.3.4.4பி என்பது வைரஸின் எட்டு மரபணுத் துண்டுகளில் ஒன்றுக்கு, எச்ஏவுக்கு, மட்டுமான பெயர். மற்ற ஏழும் வேறு வைரஸ்களோடு மாறிக்கொண்டே இருக்கும். எந்தத் துண்டு எந்தப் பறவை வழியாக வந்தது என்று தேடுபவருக்கு 'வாத்து' என்று மட்டும் எழுதிய பதிவு உதவாது. அறிவியல் பெயர், வயது, நாள், ஐந்து தசமத்தில் ஜிபிஎஸ், கால் வளையம் இருந்தால் அதன் எண்ணும் படமும் வேண்டும்.

ஒரு கசப்பான விஷயம். முடிவு வருமுன்னே இடப்பெயரோடு படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றின. அறிவிப்பது அதற்குரிய அரசுத் துறையின் பொறுப்பு. பீதி கிளம்பினால் கூடுள்ள மரத்தை வெட்டு, வேட்டு வைத்து விரட்டு என்பார்கள். விரட்டப்பட்ட பறவை வைரஸோடு அடுத்த ஏரியில் போய் இறங்கும். காட்டுப் பறவைகளைக் கொல்வதோ கலைப்பதோ தீர்வல்ல என்பது ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின் நிலைப்பாடும்கூட.

வரும் ஆண்டுக்கு மூன்று மாற்றங்களை முன்வைக்கிறேன். தேடல் விவரம் ஐந்தும் இல்லாத படிவத்தைப் பதிவேட்டில் ஏற்காமல் திருப்பி அனுப்புவது. நோய் இல்லாத காலத்திலும் மாதம் ஒருமுறை உயிருள்ள பறவைகளை இனவாரியாக எண்ணி வைப்பது. ஆய்வகத்தின் நெகட்டிவ் முடிவுகளை, எந்தப் பறவை, எத்தனை மாதிரி என்ற விவரத்தோடு, பாசிட்டிவ் முடிவுகளின் அதே பட்டியலில் சேர்ப்பது. இவற்றைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்