பத்தே முக்கால் மணிப் பரோட்டா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வயிற்றைப் பற்றி மாதம் ஒரு கட்டுரையாவது உங்கள் பேப்பரில் வந்துவிடுகிறது. காரத்தைக் குறை, எண்ணெயைக் குறை, மைதா வேண்டாம், சீரகத் தண்ணீர் குடி. எதையும் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், அந்த நேரத்தை முடிவு செய்வது நீங்களா உங்கள் முதலாளியா என்று ஒரு வரி எங்காவது வருமா என்று பார்க்கிறேன், வரக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 24 வருஷமாக நிற்கிறேன். ‘வேலை பார்க்கிறேன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘நிற்கிறேன்’ என்று கை தானாக எழுதிவிட்டது, அதுவே இருக்கட்டும். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இறங்க ராத்திரி பத்து, பத்தேகால் ஆகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு பேட்ச் பேட்சாகத்தான் விடுவார்கள், முகூர்த்த நாளில் என் பேட்சுக்கு மூன்றரை தாண்டிவிடும். அரை மணி நேரம் என்று பேர். மாடி ஏறி, கை கழுவ வரிசையில் நின்று, திரும்பி இறங்குகிற நேரம் போகத் தட்டுக்கு முன்னால் உட்காருவது பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தில் சோற்றை மென்று தின்பதா, பக்கத்தில் இருப்பவரிடம் சூப்பர்வைசரைத் திட்டுவதா? இரண்டையும் சேர்த்துச் செய்வோம். அள்ளி விழுங்கும்போது சோற்றோடு காற்றையும் விழுங்குகிறோம், சாயங்காலம் முழுக்கக் கஸ்டமர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு விடுகிற ஏப்பத்தில் பாதி அந்தக் காற்றுதான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் ராத்திரி. கடையை அடைத்து வெளியே வந்தால் பசி கண்ணை மறைக்கும், தெருமுனையிலேயே கல்லில் கொத்துகிற சத்தம் கேட்கும். மூன்று பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட், சம்பள நாளென்றால் கறிதோசை. சாப்பிட்டு முடிக்கப் பத்தே முக்கால், வீடு சேர பதினொன்றரை, படுக்கை பன்னிரண்டு. தூங்கா நகரம் என்று நாம் பெருமை அடித்துக்கொள்கிறோம், என் வயிறும் தூங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்து எரியும், எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே விடிந்த நாட்கள் எத்தனையோ.

இதற்கு நான் செய்த வைத்தியம், ஊரே செய்கிற வைத்தியம்தான். மெடிக்கலில் போய் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்பது. பான்டோபிரசோல் 40. சீட்டும் கேட்க மாட்டார்கள், எதற்கென்றும் கேட்க மாட்டார்கள். ஆறு வருஷம் தின்றேன், அதுவும் எரியும்போது, அதாவது சாப்பிட்டு முடித்த பிறகு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்க நிற்பதில் கால் குடைச்சலுக்கு டைக்ளோபினாக் வேறு, பல நாள் வெறும் வயிற்றில். வயிற்றைப் புண்ணாக்குகிற மாத்திரையையும் வயிற்றை ஆற்றுகிற மாத்திரையையும் ஒரே பையில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

போன வருஷம் மகள் பிடிவாதமாக ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். நர்சிங் படிக்கிற பிள்ளை, அவளிடம் சாக்குச் சொல்ல முடியாது. டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை, எப்போது சாப்பிடுகிறீர்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் படுக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். உணவுக்குழாய் இரைப்பையில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது, அதுதான் மூடி. ‘பானையைக் கழுத்துவரை நிரப்பிப் படுக்கவைத்துவிட்டு மூடி ஒழுகுது என்கிறீர்களே’ என்றார். எண்டோஸ்கோப்பி பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரியும் என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டார். வருஷக்கணக்கில் தின்றதால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொன்னார், குறைவாகத்தான் இருந்தது.

சரி, பத்து மணிக்கு அடைக்கிற கடையில் வேலை பார்ப்பவன் எட்டு மணிக்கு எங்கே சாப்பிடுவது? இங்கேதான் எனக்கு ஒரு வழி கிடைத்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு டீக்காக எங்களுக்குப் பதினைந்து நிமிஷம் உண்டு. வடையும் டீயுமாகப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் இப்போது வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறக்கிறேன். மூன்று இட்லி, பிரண்டைத் துவையலோ கறிவேப்பிலைப் பொடியோ, ஒரு நாள் சப்பாத்தி. அதுதான் என் ராத்திரிச் சாப்பாடு. வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். முதல் பத்து நாள் பரோட்டாக் கடையைத் தாண்டுவதுதான் பெரும்பாடு, எதிர்ப் பக்கமாக நடந்தேன். பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை ஷேர் ஆட்டோ ஏறாமல் நடப்பதும் அப்படி வந்த பழக்கம்தான்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தேன். அரை அடி உயரம் வந்தது. தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு நசுங்கும், கட்டிலே சாய வேண்டும். வீட்டுக்காரி முதல் ராத்திரி கால்மாட்டுக்குச் சறுக்கிப்போய், ‘இது கட்டிலா சறுக்குமரமா’ என்று கேட்டாள். இப்போது அவளுக்கும் பழகிவிட்டது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் புளித்த தண்ணீர் ஏறுவது குறைகிறது, வலது பக்கம் திரும்பினால் அன்றைக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது எழுதக் கூச்சமான விஷயம், ஆனால் எங்கள் கடையில் பாதிப் பேருக்கு இருப்பது. மலச்சிக்கல். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறோம். வயிற்றுக்குள் ஏதாவது இறங்கியதும் கால் மணி, அரை மணியில் பெருங்குடல் அசையும், அது உடம்பின் இயல்பு. அந்த நேரத்தில் நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பேன். கடையில் போகலாம் என்றால் கழிப்பறை ஐந்தாவது மாடியில், போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். ஆண்கள் எப்படியோ சமாளித்துவிடுவோம். கூட வேலை செய்யும் பெண்கள் அடிக்கடி போக வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அடக்க அடக்க அந்த உணர்வே போய்விடும், உள்ளே தங்கியதில் இருக்கிற தண்ணீரையும் குடல் உறிஞ்சி இறுக்கிவிடும். அதற்கு ஒரு சூரணம். நிலாவரை கலந்த அந்தப் பொடி குடலைத் தூண்டிவிடுகிற சாமான். என்றைக்கோ ஒரு நாள் சரி, தினமும் டாக்டர் சொல்லாமல் எடுக்கிற விஷயம் இல்லை.

நான் செய்தது அரை மணி முன்னால் எழுந்ததுதான். எழுந்து ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர், டீ, பேப்பர் (உங்கள் பேப்பர்தான்), அப்புறம் அவசரமில்லாமல் உள்ளே போவது. அம்மாவின் முட்டிக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்த வீடு, குந்தி உட்கார வழியில்லை. அதனால் காலுக்கு ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்கிறேன், முட்டி இடுப்புக்கு மேலே வந்தால் வழி நேராகிறது. சாப்பாட்டிலும் ஒன்று சேர்த்தேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் மெஸ் வெள்ளைச் சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் அது எங்கே வரும்? கடை வாசலில் தள்ளுவண்டியில் ஆயக்குடி கொய்யா வரும், தினம் ஒன்று. வீட்டில் கீரையோ வாழைத்தண்டோ ஏதாவது ஒன்று. ஆர்வக்கோளாறில் முதல் வாரம் கொய்யா மூன்று, சுண்டல் ஒரு கிண்ணம், வாழைத்தண்டு என்று ஒரே நாளில் ஏற்றி, வயிறு பானை மாதிரி உப்பி, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டுமாம், தண்ணீரும் கூடவே ஏற வேண்டுமாம்.

மனசு விஷயத்துக்கு வருகிறேன். ‘டென்ஷனைக் குறையுங்கள்’ என்று எழுதுகிறவர்கள் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும். நாற்பது சேலையை விரித்துக் காட்டி, ‘வேற கலர் இல்லையா’ என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறபோது நமக்கு வயிற்றைப் பிசையும், அது பேச்சுக்குச் சொல்கிற பிசைவு இல்லை. மகள் சொன்ன கதை ஒன்று. 1822-ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலிக்காரருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, காயம் ஆறியும் இரைப்பைக்கு நேராக ஓட்டை அப்படியே நின்றுவிட்டது. பியூமாண்ட் என்ற ராணுவ டாக்டர் அந்த ஓட்டை வழியாகவே வருஷக்கணக்கில் செரிமானத்தைக் கவனித்தார். அந்த ஆளுக்குக் கோபம் வந்தால் செரிமானம் கெடுவதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஓட்டை போடாமலே நமக்கு இது தெரியும், இல்லாவிட்டால் வயிறு கலங்குது, வயிறு எரியுது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போமா?

யோகா வகுப்புக்கு எனக்கு நேரமில்லை. செய்வது ஒன்றுதான். சாப்பிட உட்காருவதற்கு முன்னால் ஸ்டாக் ரூமில் கட்டுகளுக்கு நடுவில் இரண்டு நிமிஷம் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுகிறேன். சாப்பிடும்போது போனும் இல்லை, சூப்பர்வைசரைத் திட்டுவதும் இல்லை. திட்டுவதை நடக்கிற நேரத்துக்கு மாற்றிவைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் எழுதுகிறேன். மூன்று வருஷம் முன்னால் எங்கள் வேட்டிப் பிரிவில் ஒருவருக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தது. வேர்த்துக் கொட்டியது, இடது தோள் வலித்தது. ‘வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடி’ என்று நாங்களே வாங்கிக்கொடுத்தோம். ஒரு மணி நேரம் உட்காரவைத்திருந்தோம். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. அந்த சோடாவை வாங்கப் போனவன் நான்தான். வேர்வையோடு நெஞ்சு வலித்தால் கேஸ் என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது, உடனே 108. மலம் கறுப்பாகப் போவது, ரத்தம் வருவது, சோறு இறங்காமல் சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றுக்கும் மோர் மருந்தில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. எங்கள் தளத்துக்கும் நான்கு ஸ்டூல் வந்தது, அதன் மேல் சேலைப் பெட்டிகள் இருக்கின்றன. அதேபோல, மத்தியானச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடிக்க விட வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழரைக்குள் இருபது நிமிஷம் வேண்டும், கழிப்பறைக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்பதையும் உங்கள் நிருபர் நாலு கடை ஏறி விசாரித்து எழுதினால் புண்ணியமாகப் போகும். கடைசியாகச் சொன்னதைப் பற்றிப் பெண்களிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள், எங்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள்.

பெயர் போட வேண்டாம். தீபாவளி வரை இந்த வேலை எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவு விற்பனையாளர் ஒருவர்,
மதுரை