நின்றது கார், மாறியது பம்ப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினைந்து ஆண்டு கடந்த கார்கள் நடுவழியில் நின்று பின்னால் வருவோர் உயிருக்கு உலை வைக்கின்றன, அவற்றுக்கு மறுபதிவே தரக் கூடாது என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். என் கார் 2005-இல் வாங்கியது. மூன்று மாதத்தில் ஐந்து முறை நடுவழியில் நின்றது. ஆகவே அந்தத் திட்டில் எனக்கும் பங்கு உண்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முதல் முறை நின்றதற்குத்தான் வண்டியின் வயது காரணம். மற்ற நான்கு முறைக்கு, சோதிக்காமலே பழுது பார்த்த இரண்டு பட்டறைகள் பொறுப்பு.

காலையில் ஒரே திருகில் கிளம்பும் வண்டி அது. அரை மணி நேரம் ஓடியதும், இருமல் இல்லை, திணறல் இல்லை, விளக்கை அணைத்ததுபோல் இன்ஜின் நின்றுவிடும். செல்ஃப் நன்றாகச் சுழலும், இன்ஜின் பற்றாது. முக்கால் மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

பட்டறைக்கு இழுத்துப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். அவர்கள் சாவியைத் திருப்பினால் சமர்த்தாகப் பற்றிக்கொள்ளும். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். பிழை ஏதும் பதிவாகவில்லை. “பெட்ரோல் பம்ப்தான் சார்” என்றார்கள். பம்ப் மாறியது. நான்காம் நாள் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு முன்னால் நின்றது. அடுத்த பட்டறையில் இக்னிஷன் காயில், பிளக், பிளக் ஒயர் எல்லாம் மாறின. அதன் பிறகும் நின்றபோது பழி எத்தனால் கலந்த பெட்ரோல் மீது விழுந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கலாம், மறுக்கவில்லை. கெட்டுப்போன குழாய் முக்கால் மணி நேரத்தில் தானாக நன்றாகிவிடுமா? அதுவரை செலவு 14,600 ரூபாய்.

நான் 34 ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். மதியம் மட்டும் செத்து, சாயங்காலம் உயிர்த்தெழும் சர்க்யூட் கார்டுகளோடு காலம் தள்ளியவன். அப்படிப்பட்ட பழுதை அது இருக்கும்போதே பிடிக்க வேண்டும். போன பிறகு தேடக் கூடாது. எனவே காரில் ஒரு நோட்டும், மல்டிமீட்டரும், ஒரு பழைய பிளக்கும் வைத்துக்கொண்டு அது நிற்பதற்காகக் காத்திருந்தேன்.

கயத்தாறு தாண்டி, காற்றாலைகள் தெரியும் இடத்தில் மதியம் 12.40-க்கு நின்றது. இப்படி நின்றால் பிரேக் ஓரிரு முறைதான் மெத்தென்று இறங்கும், பிறகு கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். அதனால் பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதித்து எடுக்காமல், சாவியையும் உருவாமல், வண்டி உருளும் வேகத்திலேயே ஓரம் கட்டினேன்.

பெட்ரோல் பம்ப் இருக்கும் பக்கம் என்பதால் என் மனைவி பின்சீட்டில் காதை வைத்துக்கொண்டார். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினேன். “இரண்டு விநாடி முனகியது” என்றார். பம்ப் உயிரோடு இருக்கிறது. பிறகு அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, ஒயர் ஒன்றைக் கழற்றிப் பழைய பிளக்கில் செருகி, அதை இன்ஜின் இரும்பின் மேல் வைத்துக்கொண்டு செல்ஃப் போடச் சொன்னேன். பொறி இல்லை. “ஆர்பிஎம் முள் அசைகிறதா?” என்று கேட்டேன். “பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறது” என்றார்.

அந்த முள்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. இன்ஜின் சுழல்வதை வண்டிக்குள்ளேயே இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்வது கிராங்க் சென்சார். அது சொன்னால்தான் ஆர்பிஎம் முள்ளும் அசையும். அது ஊமையாகிவிட்டால் இன்ஜின் நிற்கிறது என்றே கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். பொறியையும் கொடுக்காது, சாவி திருப்பியதும் முனகும் அந்த இரண்டு விநாடிக்கு மேல் பம்பையும் ஓடவிடாது. நின்ற இன்ஜினில் பிழை என்று எதைப் பதிவு செய்யும்? செல்ஃப் போடும்போது பம்ப் ஓடவில்லை என்று பார்த்துப் பம்பைத் தூக்கில் போடுவது, கட்டளை வராததால் சும்மா இருந்த கடைநிலை ஊழியரைப் பணிநீக்கம் செய்வதற்குச் சமம்.

என் காரில் அந்தச் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம், மேலிருந்தே கைக்கு எட்டும். துண்டைத் தண்ணீரில் நனைத்து அதன் மேல் மட்டும் பத்து நிமிடம் போட்டுவைத்தேன். ஸ்டார்ட் ஆனது. கார்புரேட்டர் காலத்தில் ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பில் ஈரத்துணி சுற்றுவார்கள். அது பெட்ரோல் ஆவியாகி அடைப்பதற்கான மருந்து. துணி ஒன்றுதான், நோய் வேறு.

வீட்டில் அதைக் கழற்றி, மேசையில் வைத்து, மகளின் ஹேர் டிரையரை எடுத்தேன். இரண்டு முனை உள்ள, வெறும் சுருள் வகைச் சென்சார் என்பதால் மீட்டரிலேயே சோதிக்கலாம். ஆறியிருந்தபோது 540 ஓம். சூடேறச் சூடேற 600 தாண்டியது. சட்டென்று எண் மறைந்து இணைப்பே இல்லை என்று காட்டியது. டிரையரை அணைத்தேன். சற்று நேரம் கழித்து எண் திரும்பி வந்தது. உள்ளே முடிபோன்ற செப்புக் கம்பி எங்கோ விட்டிருக்கிறது. சூட்டில் விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. புதிய சென்சார் 1,150 ரூபாய். ஒரே போல்ட். அதன் பிறகு அக்கினி நட்சத்திரம் முழுவதும் தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் போய் வந்துவிட்டேன்; நிற்கவில்லை.

மறுபதிவை மறுக்கச் சொல்லும் வாசகரிடம் எனக்குச் சண்டை இல்லை. பட்டறைகளிடம் இரண்டு கேட்கிறேன். பில்லில் எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்பதோடு, எந்தச் சோதனையில் அது கெட்டது என்று தெரிந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். கழற்றிய பாகத்தை உரிமையாளர் கையில் கொடுங்கள். என் பழைய பம்பைக் கேட்டுப் போனேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். முனகிக்கொண்டிருந்திருக்க வேண்டிய பம்ப் அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.