பொங்கலுக்கு ஒரு பத்து ரூபாய் நாணயம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை மகன் கிறிஸ்துமஸ் வந்தால் எனக்கு ஒரு 50 பென்ஸ் நாணயம் வாங்கி அனுப்பிவிடுவான். 2018-ல் அங்கே ராயல் மின்ட் என்ற நாணயச்சாலை பனிமனிதன் படம் போட்டு அடிக்க ஆரம்பித்த நாணயம் அது. ஏழு பக்கம், நம் பத்து ரூபாய் அளவுதான் இருக்கும். அதற்கும் வெகு முன்னால், 1980-லேயே ஐல் ஆஃப் மேன் என்ற சின்னத் தீவு கிறிஸ்துமஸுக்கென்று 50 பென்ஸ் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பெர்த் மின்ட் சீனப் புத்தாண்டுக்கு வருஷத்துக்கு ஒரு மிருகம் போட்டு வெளியிடுகிறது. இதையெல்லாம் டப்பாவில் அடுக்கும்போது எனக்கு ஒரே ஏக்கம்தான். நம் பொங்கலுக்கு என்று ஒரு நாணயம் என் டப்பாவில் இல்லையே!

இங்கே செய்ய முடியாததா இது? தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-ல் 1000 ரூபாயில் வெள்ளி நாணயம் வந்தது, கூடவே 5 ரூபாயும் வந்தது. அந்த 5 ரூபாய் ஜங்ஷன் பஸ்ஸில் டிக்கெட் மிச்சமாகவே என் கைக்கு வந்து சேர்ந்தது. 2015-ல் பூரி ஜெகந்நாதரின் நவகலேபர விழாவுக்கு 10 ரூபாயிலும் 1000 ரூபாயிலும் நாணயம் போட்டார்கள். ஒரு கோயில் விழாவுக்கு முடிகிறதென்றால் ஊர் உலகமெல்லாம் தமிழர் கொண்டாடும் பொங்கலுக்கு ஏன் கூடாது?

தீபாவளிக்கு நகைக்கடையில் விற்கிற லட்சுமி, பிள்ளையார் காசை இதில் சேர்க்க வேண்டாம். டவுனில் ஒரு கடையில் "கவர்மென்ட் காசுதான் அண்ணாச்சி" என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள், வீட்டில் வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரூபாய் மதிப்பும் இல்லை, அசோகச் சிங்கமும் இல்லை. அது வெள்ளிதான், சரி, ஆனால் நாணயம் இல்லை. நாணயம் அடிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான். உண்மையான நாணயத்தில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள், வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், இப்போது கடைக்குப் போய் வந்தால் சில்லறையை முதலில் அவர்கள்தான் வாங்கிப் பார்க்கிறார்கள்.

நான் கேட்பது பெட்டியில் பூட்டி வைக்கிற வெள்ளி நாணயம் இல்லை. சித்திரை விசுவுக்குக் கனி பார்த்து முடித்ததும் எங்கள் அப்பா எங்கள் கையில் புது ஒரு ரூபாயை வைத்து அழுத்துவார், அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. அந்த மாதிரிக் கையில் கொடுக்கிற பத்து ரூபாயாக வரட்டும். மண்ணில் குட்டி வீடு கட்டிச் சிறுவீட்டுப் பொங்கல் வைக்கிற நம் பிள்ளைகளுக்கு அதைவிட என்ன வேண்டும்? படமும் யோசித்து வைத்திருக்கிறேன். மூன்று கல், பனையோலைத் தீ, பொங்கி வழியும் பானை, பக்கத்தில் ஒரு கட்டு பனங்கிழங்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் "செல்லாது" என்று தள்ளுகிற கடைகள் நம் பக்கம் இன்னும் உண்டு. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது. வாங்க மாட்டேன் என்று சொல்லும் கடைக்காரர்கள் இதைப் படித்தால் நல்லது, ஏனென்றால் பொங்கல் நாணயம் வந்தாலும் அது அவர்கள் கல்லாவில் விழுந்துதான் ஊர் சுற்ற வேண்டும்.

நம் எம்.பி.க்கள் நிதி அமைச்சகத்தில் இதைக் கேட்க வேண்டும். உங்கள் பத்திரிகையும் ஒரு குரல் கொடுங்கள்.

இப்படிக்கு,
நாணயம் சேர்க்கும் ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை